பார்ட்டி வரும்போது வீட்டுக்காரர் இருக்கக் கூடாது

வீட்டை விற்பது என்று முடிவான அன்று சாயங்காலம், ஒரு சின்ன டப்பா பெயின்ட் வாங்கி வந்து முன்சுவரில் எழுதினேன். "இந்த வீடு விற்பனைக்கு. வாங்குபவர் நேரில் வரவும். புரோக்கர் வேண்டாம்." நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். அந்த மூன்று வரிக்கு விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் ஆகிவிட்டது. கடைசி வரியை மட்டும் தெருமுனையிலிருந்து தெரியும்படி பெரிதாகப் போட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் மூன்று புரோக்கர்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் இஷ்தியாக் அகமது. பேரணாம்பட்டில் அவரைத் தெரியாதவர்கள் கம்மி. வெள்ளைச் சட்டை, பழைய மொபெட், பையில் இரண்டு போன். சுவரின் முன்னால் நின்று மூன்று வரியையும் நிதானமாகப் படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புரோக்கர் வேணாம்னு போட்டிருக்கேன் பாய்" என்றேன்.

"அது உங்க புரோக்கருக்குண்ணே. நான் பார்ட்டியோட புரோக்கர்."

வாங்குகிறவரைத்தான் பார்ட்டி என்கிறார்கள். பார்ட்டிக்காக வீடு தேடுவது அவர் வேலை, கமிஷன் பார்ட்டியிடம் வாங்கிக்கொள்வார், என்னிடம் ஒரு டீ போதும் என்றார். பின்னால் வந்த இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். விசாரித்தபோது தெரிந்தது, எங்கள் ஊரில் விற்கிறவனின் புரோக்கர் என்று ஒருவருமே கிடையாது, எல்லோரும் பார்ட்டியின் புரோக்கர்கள்தான். பார்ட்டிதான் அன்று யாரிடமும் இல்லை.

வீட்டை விற்க ஆசைப்பட்டு நான் விற்கவில்லை. என் மகன் ஆலன் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் மனைவி கெசியா நெமிலிப் பக்கம். மண்ணும் பச்சையும் பார்த்து வளர்ந்த பெண். கல்யாணமாகி இங்கே வந்தாள். முழுகாமல் இருந்த நாலாம் மாசமே, இந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்து இப்போது இரண்டு மாசம். ஐந்தாம் மாசம் குழந்தையை அழைத்து வருவது எங்கள் வழக்கம். ஆலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தலையைச் சொறிந்துகொண்டே அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். இந்த வீட்டில் நாற்றம் தாங்க முடியவில்லையாம். குழந்தையை இங்கே கொண்டுவர அவள் மனசு இடம் கொடுக்கவில்லையாம். வேறு இடத்தில் வீடு பார்த்தால் அடுத்த நாளே வந்துவிடுவாளாம்.

அவள் சொல்வதில் தப்பு இருக்காது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி தோல் ஷாப்பு. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரெடுக்கிற இடம். அந்தத் தொட்டியடியில்தான் எனக்கு முப்பத்தொரு வருஷ வேலை. எனக்கு நாற்றமும் தெரியாது, வாசனையும் தெரியாது. மூக்கு போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமிர்தவள்ளி, என் மனைவி, பீடி சுற்றுகிறவள். அவள் மூக்குக்குப் புகையிலையைத் தவிர வேறெதுவும் எட்டாது. இரண்டு பேரும் சேர்ந்து கருகின பாலை ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். அதனால் கெசியா சொன்னதும் நாங்கள் வாதாடவில்லை. பேத்தி ஐந்தாம் மாசம் எங்களோடு இருக்க வேண்டும். அதற்குள் வீடு கைமாற வேண்டும். கையில் இருந்தது மூன்று மாசம்.

ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிற சுந்தர்ராஜிடம் சொன்னேன். அவன் போன வருஷம் தன் வீட்டை விற்றவன். டப்பாவை மூடி வைத்துவிட்டு, எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னான். புரோக்கரையும் பார்ட்டியையும் தனியாக விடாதே. நீ அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இவன் அவனைத் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், உன் விலை ஒன்று, அவனிடம் சொல்கிற விலை ஒன்று என்று பேசி நடுவில் உள்ளதை விழுங்கிவிடுவான்.

"ஒட்டிக்கினே இரு" என்றான் சுந்தர்ராஜ். "பார்ட்டி மூச்சு உட்டா உன் மேல படணும்."

அப்படியே செய்வது என்று முடிவு பண்ணினேன்.

முதல் பார்ட்டி ஒரு வாத்தியார். மனைவியோடு குடியாத்தத்திலிருந்து புதன்கிழமை பதினொரு மணிக்கு வருவதாக, நான் ஷாப்பில் இருக்கும்போது இஷ்தியாக் பாய் போனில் சொன்னார். அந்த நேரத்துக்குக் காற்று மலைப்பக்கமிருந்து அடிக்கும், ஷாப்பு வாடை எங்கள் தெருவுக்கு வராது, அதற்குத்தான் அந்த நேரம் என்று விளக்கினார். அண்ணன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம், அக்கா இருந்தால் போதும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் என் காதில் உறைத்தது. சுந்தர்ராஜைப் பார்த்தேன். அவன் புருவத்தை உயர்த்திக் காட்டினான்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு அமிர்தவள்ளி போன் செய்தாள், வந்துவிட்டார்கள் என்று. சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி, முழங்கால் வரை இருந்த ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை மிதித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாத்தியாரின் மனைவி சமையலறையில் நின்று, வெளிச்சம் நல்லா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டாள். பெரியவர் எதிரில் மரியாதை காட்டுகிறாள், நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, பார்ட்டிக்கு ஒரு சோடா வாங்கியாங்களேன்" என்றார் பாய்.

இதுதான் அந்தத் தள்ளல் என்று எனக்குத் தெரியும். அமிர்தவள்ளியைச் சோடாவுக்கு அனுப்பிவிட்டு நான் வாத்தியாரின் தோளை ஒட்டி நின்றேன். அவர் ஹாலுக்குப் போனால் நானும் ஹாலுக்கு. மாடிப்படி ஏறினால் நானும் பின்னால். பாதிப்படியில் அவர் திரும்பி, பார்த்தது போதும் என்றார். சோடா வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. மூன்று சோடாவையும் நானும் அமிர்தவள்ளியும் பாயும் குடித்தோம்.

என்ன காரணமாம் என்று கேட்டேன். பாய் சோடாவைப் பார்த்துக்கொண்டே, மாடிப்படி திரும்புகிற திசை வாஸ்துப்படி சரியில்லையாம் என்றார். நாங்கள் வேதக்காரங்க, வாஸ்து பார்த்துக் கட்டவில்லை என்றேன். வாங்குகிறவர் பார்க்கிறாரே என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் பூசைக்குப் போய்வந்து, கொத்தனாரை வைத்து அந்தப் படியின் கடைசி நாலு கல்லை இடித்து வேறு பக்கம் திருப்பினேன். ஏற்கெனவே முட்டி தேய்ந்தவன், கல் சுமந்ததில் ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டாவது பார்ட்டியைக் கொண்டுவந்தது சங்கீதா என்கிற பெண். வேலூரில் ஆபீஸ் வைத்திருக்கிறது, கையில் விசிட்டிங் கார்டு, கழுத்தில் அடையாள அட்டை. பார்ட்டி பெங்களூரில் இருப்பதால் முதலில் வீடியோ அனுப்ப வேண்டும் என்று ஒரு நாள் நான் ஷிப்ட் முடிந்து வந்த நேரத்தில் வந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தது. நானும் பின்னாலேயே நடந்தேன். ஐயா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது என்றது. தள்ளி நின்றேன். இன்னும் கொஞ்சம் என்றது. இப்படியே தள்ளித் தள்ளி நான் தெருவுக்கு வந்துவிட்டேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நான் எங்கே மறைக்கிறேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

வீடியோ பார்த்த பெங்களூர்க்காரருக்கு வீடு ரொம்பப் பிடித்துவிட்டது. தன் அம்மாவை அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். நான் பர்மிஷன் போட்டு வந்து அந்த அம்மாவுக்குக் கை கொடுத்து வாசல்படி ஏற்றிவிட்டேன். அவங்க உள்ளே வந்ததும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார்கள். விசிறிவிட்டேன். இன்னும் ஜாஸ்தியாகச் சுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டார்கள். சங்கீதா பிறகு போனில் காரணம் சொன்னது, தெருக்குத்தாம். எங்கள் தெரு முட்டுச்சந்து, வீடு அதன் நடுவில். வந்து குத்துவதற்கு வேறு தெருவே அங்கே கிடையாது. அதைச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு சங்கீதா போனை வைத்துவிட்டது.

இதற்குள் ஒரு மாசம் போய்விட்டது. ஆலன் போனில் குழந்தையின் படம் அனுப்புவான். அது கையைச் சப்புகிறது, குப்புற விழப் பார்க்கிறது. அமிர்தவள்ளி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்ப்பாள். வீடு என்னாச்சுப்பா என்று அவன் கேட்பான். பார்ட்டி வந்துகிட்டு இருக்குது என்பேன். வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்தது.

மூன்றாவது பார்ட்டிக்கு இஷ்தியாக் பாய் ஒரு யோசனை செய்தார். எனக்குச் சொல்லாமல் அமிர்தவள்ளியிடம் சொன்னார். அக்கா, பார்ட்டி வாசல்ல கால் வைக்கும்போது உள்ள பிரியாணி தம்முல இருக்கணும். புதினாவும் பட்டையும் மணத்தா மனுஷன் வேற எதையும் யோசிக்க மாட்டான். அவளுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. சீரகச் சம்பா வாங்கி, கறி வாங்கி, கத்திரிக்காய்க் குழம்பும் வைத்தாள். அன்று வந்தது ஆறு பேர். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, மச்சான், மச்சானுடைய சினேகிதன் ஒருத்தன். வீட்டைப் பார்த்தார்கள், பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வீடு ராசியான வீடு என்று அந்தப் புருஷன் சொல்லிவிட்டு, அட்வான்ஸ் எப்போது தரலாம் என்று கேட்டாராம். இதையெல்லாம் அமிர்தவள்ளி போனில் மெதுவாகச் சொன்னாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விலை பேசுகிற நேரத்தில் பாய் அங்கே, நான் இங்கே தொட்டியில். சைக்கிளை எடுத்துவிட்டேன்.

நான் போய் அந்தப் புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தட்டு போடு என்று சொன்னேன். அவர் வாயருகே கொண்டுபோன கவளத்தைத் தட்டில் வைத்தார். பிள்ளைகள் எழுந்துவிட்டன. அந்தப் பெண்டாட்டி, கை கழுவ எங்கே என்று கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் ஆறு தட்டும் பாதிச் சோற்றோடு கிடந்தன. அட்வான்ஸ் பேச்சு அவர்களோடு வாசல் தாண்டிப் போய்விட்டது.

பாய் அன்று என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், உங்களுக்கு வாரத்தில் எந்த நாள் ஊரில் வேலை இருக்காது, எங்கேயாவது சொந்தக்காரர் வீட்டுக்குப் போவீர்களா என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கா தெரியாது? எனக்குச் சொந்தக்காரரே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அமிர்தவள்ளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கைப் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்கள் இந்த உலகத்தில் முன்பு கிடையாது. உப்பு ஜாஸ்தியா, கறி வேகவில்லையா என்று பக்கத்து வீட்டுத் தில்ஷாத்தைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாள். அந்த அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு ஒரு குறையும் இல்லை என்றாள். அப்படியானால் வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவுக்கு வந்தோம். பினாயில் ஊற்றிக் கழுவினோம். சாம்பிராணி போட்டோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மூக்கில்லாத இரண்டு பேர் நாற்றத்தை எங்கே என்று தேடுவது? தேங்காய் மூட்டையைத் தூக்கி வெளியே போட்டோம், பழைய மெத்தையை எரித்தோம். ஒவ்வொன்றையும் வெளியேற்றிவிட்டு, இப்ப போயிருக்கும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

நாலாவது பார்ட்டி பிரேம்நாத். ஒடுகத்தூரில் மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலைதான். மகனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதால் இந்தப் பக்கம் ஒரு வீடு வேண்டும் என்றார். வந்த அன்று அவருக்குச் சரியான ஜலதோஷம். கண் சிவந்து, கைக்குட்டை நனைந்து, பேச்சே மூக்கால்தான் வந்தது. நான் வழக்கம்போல் ஓடிவந்து ஒட்டிக்கொண்டேன். அவர் நகரவில்லை. மாடியில் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்று, தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று அரை மணி நேரம் விசாரித்தார். எனக்கு உங்களைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, சனிக்கிழமை அட்வான்ஸ் என்றார். இஷ்தியாக் பாய் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார்.

போகும்போது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, சனிக்கிழமை மட்டும் நீங்க ஷாப்புக்குப் போகாதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

இதுவரைக்கும், ஷாப்பிலேயே இருங்கள் வராதீர்கள் என்ற மனுஷன் இப்போது ஷாப்புக்கே போகாதே என்கிறாரே என்று எனக்குக் குழம்பிவிட்டது. சுந்தர்ராஜிடம் கேட்டேன். அவனுக்கும் புரியவில்லை. புரியாததால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னான்.

லீவு கேட்டேன். லோடு வந்திருக்கிறது, பாதி ஷிப்டாவது வா என்றார் சூப்பர்வைசர். சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் தோல் இழுத்துவிட்டு, வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கூட்டமாக இருந்தது. வீடு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஆலன் கெசியாவையும் குழந்தையையும் அழைத்து வந்திருந்தான். அவளுடைய தையல் மெஷினை எடுத்துப்போக வேண்டும் என்று வந்தார்களாம். அவள் மேல்மாடியில் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். ஹாலில் பிரேம்நாத். முகம் தெளிந்து, ஜலதோஷம் விட்டுப்போய், புது மனுஷன் மாதிரி இருந்தார். ஒரு மணி நேரமாக வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, எல்லாம் திருப்தி என்று சொல்லிவிட்டாராம். முக்காலியில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் அட்வான்ஸ் வைத்த கவர்.

என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு எழுந்து கையை நீட்டினார். நான் கிட்டே போனேன். நீட்டின கை அப்படியே நின்றது. ஒரு அடி பின்னால் போனார். எதற்குப் போகிறார் என்று நானும் ஒரு அடி வைத்தேன். அவர் சுவர் வரைக்கும் போனார், சுவரை ஒட்டி சமையலறைக்குள் போனார். முதல் துண்டு அவருக்குத்தான் என்று மைசூர்பாகைத் திறந்து நீட்டிக்கொண்டே நானும் போனேன். அவர் பின்கதவைத் திறந்து துணி துவைக்கிற கல்லைத் தாண்டி நின்றார். பாய் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்தார்.

"அண்ணே, போதும்ணே. அங்கயே நில்லுங்க."

பிரேம்நாத் பாயின் காதில் ஏதோ சொன்னார். பாய் ஆலனைக் கூப்பிட்டு அவன் காதில் சொன்னார். ஆலன் முகம் ஒரு மாதிரி ஆகி, அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னான். அமிர்தவள்ளி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நாலு பேர் கை மாறி வந்த சேதி அது.

"வூட்டுல இல்லியாம்" என்றாள். "உங்க மேலயாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு வாத்தியார் மனைவியின் முந்தானை, பெங்களூர் அம்மாவின் தலைசுற்றல், ஆறு தட்டுப் பாதிச் சோறு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. சட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? துணிதான் தெரிந்தது.

பாய் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு மாசமா உங்கள எட்டத் தள்ளி வைக்கப் பாத்தேண்ணே, முடியலையே என்று புலம்பினார். முகத்துக்கு நேரே சொன்னால் மனசு நோகுமே என்றுதான் வாஸ்து, தெருக்குத்து என்று எதையாவது சொல்லிக்கொண்டிருந்தார்களாம், அவரும் சங்கீதாவும். இடிக்க வேண்டாத படியை இடித்துவிட்டோமே என்று நான் நினைத்தேன். அந்த நேரத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது.

பிரேம்நாத் நல்ல மனுஷன். எட்ட நின்றபடியே, வீடு தனக்குப் பிடித்திருக்கிறது, பேச்சில் மாற்றமில்லை என்றார். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"இவரு வூட்டோட சேந்து வரமாட்டாரு இல்ல?"

வரமாட்டார் என்று பாய் சத்தியம் செய்தார். தட்டைத் தூக்கி வந்து என் முன்னால் நீட்டினார். நானும் கையை நீட்டிவிட்டேன். அப்போதுதான் கெசியா குழந்தையோடு படியில் இறங்கி வந்து கடைசிக் கல்லில் நின்றாள். நான் கையைத் தட்டின் மேலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு அவளைக் கேட்டேன்.

"நீ போனது வூட்டுனாலயா, என்னாலயாம்மா?"

அவள் ஆலனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். எங்கள் வீட்டில் மாமனாரிடம் மருமகள் ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றால் அது புருஷனுக்குப் போய், மாமியாருக்கு வந்து, அப்புறம்தான் எனக்கு வரும். வருவதற்குள் 'மாமா மேல வாடை' என்பது 'வீட்டுல நாத்தம்' என்று ஆகியிருக்கிறது. யார் வாயில் ஆனது என்று நான் கேட்கவில்லை. என் மேலிருந்த பாசத்தில்தான் யாரோ மாற்றியிருப்பார்கள்.

"மேல ஒரு மணி நேரமா இருக்கேன் மாமா" என்றாள் கெசியா. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. வூடு நல்லாதான் இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க வேலை வுட்டு வந்து அந்தத் துணியோட தொட்டில் கிட்ட உக்காந்தா தான் பயமா இருக்குது" என்றாள்.

குழந்தைக்காக வீட்டை விற்கிறேன். வீட்டால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கூடப் போவேன், என் சட்டையும் கூட வரும். கணக்கு அவ்வளவுதான், அதைப் போட எனக்கு இரண்டு மாசமும் நாலு பார்ட்டியும் தேவைப்பட்டிருக்கிறது. தட்டின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

"விக்கல பாய்."

பாய் தட்டைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், பிரேம்நாத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. பழகின ஆள். பிரேம்நாத்தின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். இந்த ஒரு தடவை நான் ஒட்டிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் காதில் விழுந்தது.

"பின் தெருவுல ஒரு வூடு இருக்குது சார். வூட்டுக்காரரு துபாய்ல இருக்காரு."

திங்கட்கிழமை சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தேன். காய்ந்த தோலை அளந்து கட்டுகிற பக்கம் மாற்றிவிடும்படி கேட்டேன். முப்பத்தொரு வருஷமாக வாயைத் திறக்காதவன் என்ன வந்து கேட்கிறாய் என்றார். பேத்தி என்றேன். அவருக்கும் ஒரு பேத்தி உண்டு. ஓவர்டைம் கிடைக்காது என்று சொல்லிவிட்டு மாற்றிவிட்டார். ஷாப்புத் துணியை ஷாப்புப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினேன். அங்கேயே குழாயடியில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். முதல் நாள் தெருவில் சுந்தர்ராஜுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

ஆனால் போயிற்றா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு மூக்கு வேண்டும். அமிர்தவள்ளி இஷ்தியாக் பாயை டீக்குக் கூப்பிட்டாள். அவருக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். பின்தெரு வீடு முடிந்துவிட்டதால் கோபம் தணிந்திருந்தது. ஞாயிறுதோறும் வந்து என் தோள்பக்கம் குனிந்து, கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். முதல் வாரம் தலையை ஆட்டினார். இரண்டாவது வாரம் தலைமுடியில் இருக்கிறது என்றார். மொட்டை போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் நகத்தடியில் என்றார். நாலாவது வாரம் டீயை முழுவதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தார்.

ஐந்தாம் மாசம் முதல் வியாழக்கிழமை கெசியா வந்தாள். அன்று நான் ஷாப்பில் ஒரு தடவையும் வீட்டில் ஒரு தடவையும் குளித்திருந்தேன். பாய் கொடுத்த அத்தரை அமிர்தவள்ளி அளவு தெரியாமல் சட்டை முழுவதும் தடவிவிட்டாள். மொட்டைத் தலையோடு கோரைப்பாயில் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டி மேல் வைத்துக்கொண்டேன். கெசியா யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து குழந்தையை மடியில் வைத்தாள்.

குழந்தை என்னைப் பார்த்தது. மூக்கு சுருங்கியது. அமிர்தவள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், ஆலன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஒரு தும்மல் தும்மியது. பிறகு இன்னொன்று.

நான் குழந்தையைத் தூக்கித் திருப்பிக் கொடுக்கப் போனேன். கெசியா வாங்கவில்லை.

"அத்தர் ஜாஸ்தி மாமா" என்றாள். "நாளைக்கு வெறுஞ்சட்டையோட உக்காருங்க."